கையைப் பாராத கல்வி

பள்ளி மூடியிருந்தது, படிப்பு மட்டும் நடந்தது!

2020-ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் நாடெங்கும் ஒலித்த பேச்சு இது. மேடையிலே முழங்கியது, தாளிகையிலே மின்னியது, கட்டணம் கேட்டு வந்த சுற்றறிக்கையிலே கனிவோடு சிரித்தது. நோய் ஓய்ந்தது, முகக்கவசம் கழன்றது, ஊர் தன் பழைய இரைச்சலுக்குத் திரும்பியது. அந்தப் பேச்சு மட்டும் ஓயவில்லை. மழை வந்தாலும், மாசு சூழ்ந்தாலும், “வீட்டிலிருந்தே படிக்கட்டும்” என்று கூறிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகும் பழக்கம் ஆள்வோர்க்கு ஏற்பட்டுவிட்டது.

கவிதையை ஆய்கிறோம். கதையை ஆய்கிறோம். நாடகத்தை நிறுத்து எடை போடுகிறோம். ஆறு வயதுக் குழந்தையின் முன்னே வைக்கப்பட்ட திரைப்பாடத்தை ஆய்ந்தவர் எத்தனை பேர்? அதுவும் ஒருவர் சொல்ல, ஒருவர் கேட்க என்று ஆக்கப்பட்ட படைப்புத்தானே! அதன் சொல் எத்தகையது, கேட்டவர் யார், கேட்டவர்க்கு விளைந்தது என்ன — இம்மூன்றையும் கேட்டுப் பார்ப்பதே நம் வேலை.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். பள்ளிகளை மூடியது குற்றம் என்று வழக்காட நாம் வரவில்லை. கொள்ளைநோய் மெய்; அது கொண்டுசென்ற உயிர்கள் மெய். அறிவியலை மதிப்போர் அதனை எள்ளி நகையாடார். 2020 ஏப்ரலில் உலகெங்கும் ஏறத்தாழ 160 கோடி மாணாக்கர் பள்ளியின்றி இருந்தனர் என்பது யுனெஸ்கோவின் கணக்கு. நம் வழக்கு மூடியதைப் பற்றியதன்று. மூடிய கதவின்மேல் “திறந்திருக்கிறது” என்று பலகை மாட்டியதைப் பற்றியது.

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சுத் திங்களில் கதவுகள் சாத்தப்பட்டன. மீண்டும் திறந்த வரிசையைப் பாருங்கள். 2021 சனவரி 19-இல் 10, 12-ஆம் வகுப்பினர் வந்தனர். பிப்ரவரி 8-இல் 9, 11-ஆம் வகுப்பினர் வந்தனர். இரண்டாம் அலை வந்து அனைவரையும் மீண்டும் வீட்டுக்கு அனுப்பியது. செப்டம்பர் 1-இல் மறுபடியும் 9 முதல் 12 வரை! ஒன்று முதல் எட்டு வரை படிப்போர்க்குக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் நாள். ஏறத்தாழ 19 திங்கள்! தேர்வு எழுதுவோர் முதலில். எழுத்தே அறியாதோர் கடைசியில்.

2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த குழந்தையை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அக்குழந்தை தன் வகுப்பறையைக் கண்டபோது அது இரண்டாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பு என்பது அதன் வாழ்வில் பதிவேட்டில் மட்டுமே இருந்தது. பெயர் உண்டு, பெஞ்சு இல்லை. தேர்ச்சி உண்டு, தேறிய எழுத்து இல்லை.

“ஏன், கருவி இருந்ததே!” என்பர். இருந்தது; யாரிடம் என்று கேட்போம். நோய் வருமுன்னே, 2017-18-இல் இந்திய அரசு நடத்திய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75-ஆம் சுற்று கூறுகிறது: சிற்றூர்க் குடும்பங்களில் கணினி உடையவை நூற்றுக்கு 4.4, இணைய வசதி உடையவை நூற்றுக்கு 14.9. உலக அளவிலோ, குறைந்தது 46 கோடியே 30 இலட்சம் பிள்ளைகளுக்குத் தொலைவழிக் கல்வி எட்டவேயில்லை என்று 2020 ஆகத்தில் யுனிசெப் அறிவித்தது. நம் ஊர்களில் கைப்பேசி இருந்த வீட்டிலும் அது ஒன்றே ஒன்று. காலையில் அது அப்பாவின் சட்டைப்பையில் வேலைக்குப் போகும்; மாலையில் திரும்பும்போது அதன் உயிரும் ஒடுங்கியிருக்கும், ரீசார்ஜும் தீர்ந்திருக்கும். எஞ்சிய சிறு பொழுதும் பத்தாவது படிக்கும் அண்ணனுக்கு. ஒன்றாவது படிக்கும் தங்கைக்கு? “நீ சின்னப் பிள்ளைதானே, அப்புறம் படிக்கலாம்!”

கருவியில்லாக் குறையைப் பலர் பேசினர், நன்றே பேசினர். ஆனால் வழக்கை அத்தோடு முடித்துவிட்டால், “வீட்டுக்கொரு கருவி வாங்கித் தந்துவிடுகிறோம், தீர்ந்தது குறை” என்று எதிர்வழக்காடுவோர் கைதட்டிக்கொள்வர். ஆகவே இன்னும் ஓர் அடி உள்ளே செல்வோம். எல்லார் கையிலும் கருவி இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். குழந்தை எழுத்துக் கற்றிருக்குமா?

ஓர் ‘அ’ எழுதுவதைக் கவனித்ததுண்டா? நமக்கு அது ஒரு நொடி. ஐந்து வயது விரலுக்கு அது ஒரு மலைப்பயணம். சுழியிலே தொடங்க வேண்டும், வளைய வேண்டும், கீழிறங்க வேண்டும், திரும்பி வந்து நிமிர்ந்த கோட்டிலே நிற்க வேண்டும். ஒரு குழந்தை கோட்டை முதலில் நட்டுவிட்டுச் சுழியைப் பிறகு ஒட்டவைக்கும். இன்னொன்று கீழிருந்து மேலே ஏறும். எழுதி முடித்த பின் பார்த்தால் இரண்டும் ‘அ’ போலவே தோன்றும்! பிழை எழுத்திலே இல்லை. எழுதிய வழியிலே இருக்கிறது. அந்த வழி பழகிப்போனால் மூன்றாம் வகுப்பில் அதன் கை தடுமாறும், வேகம் குன்றும், எழுத்தே கசக்கும். வகுப்பறையில் ஆசிரியை என்ன செய்கிறார்? பலகையைப் பார்ப்பதைவிட மிகுதியாகக் கையைப் பார்க்கிறார். குனிகிறார், அந்தச் சிறு கையைத் தன் கைக்குள் வைத்து, சிலேட்டின்மேல் ஒருமுறை, மணலின்மேல் ஒருமுறை, நடத்திக் காட்டுகிறார்.

திரைப்பாடம் கையைப் பார்க்கவில்லை. எழுதி முடித்த தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னது. வந்து சேர்ந்தது என்ன? ஒரு படம். சுழி முதலா, கோடு முதலா — படம் சொல்லாது. எழுதியது குழந்தையின் கையா, அக்காளின் கையா — அதுவும் சொல்லாது. ஆசிரியர் பச்சைக் குறியிட்டு அனுப்பினார். அத்துடன் பாடம் “நடந்து” முடிந்தது!

நம் மொழியை எடுத்துக்கொள்வோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இவற்றில் ல, ள, ழ என்னும் மூன்றையும் ர, ற என்னும் இரண்டையும் பிரித்தறிவது எப்படி? காதாலே மட்டுமா? சொல்பவரின் வாயைப் பார்க்க வேண்டும். நா எங்கே தொடுகிறது, எங்கே வளைகிறது என்று காண வேண்டும். தானும் சொல்லிப் பார்க்க வேண்டும். தவறும்போது உடனே ஒருவர் திருத்த வேண்டும். உள்ளங்கையளவு திரையில், அறுந்து அறுந்து வரும் ஒலியில், ‘பழமும்’ ‘பலமும்’ ஒன்றாகவே விழுந்தன. நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரைச்சல் என்று பிள்ளைகளின் வாய்களைப் பொத்தான் அழுத்தி மூடினர். எண்ணிப் பாருங்கள்! பேச்சு மொழியிலிருந்து எழுத்து மொழிக்கு ஏறும் வயதில், பேச்சையே அடைத்துவிட்டு நடந்தது மொழிப்பாடம்!

கல்வித் தொலைக்காட்சியையும் நாம் மறக்கவில்லை. 2019 ஆகத்து 26-இல் தொடங்கப்பட்ட அந்த அலைவரிசை, நோய்க் காலத்தில் பாடங்களை வீடுதோறும் அனுப்பியது. இணையம் இல்லாத வீட்டுக்கும் சென்றது, கட்டணம் கேட்கவில்லை. அது பெருமைக்குரிய பணி. உழைத்த ஆசிரியர்க்கு நம் வணக்கம். ஆனால் திறனாய்வாளன் வணக்கத்தோடு நின்றுவிடக் கூடாது. தொலைக்காட்சியில் வருவது சொற்பொழிவு. சொற்பொழிவைக் கேட்கத் தெரிந்தவன் பயன்பெறுவான். பத்தாம் வகுப்பு மாணவன் குறிப்பெடுப்பான். ஐயத்தை அடிக்கோடிட்டு வைப்பான். நாளை எவரிடமேனும் கேட்பான். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தனக்கு ஐயம் இருப்பதே தெரியாது. “புரிந்ததா?” என்று திரை கேட்கும், குழந்தை தலையாட்டும், திரை மகிழ்ந்து மேலே செல்லும். தலையாட்டிய குழந்தையின் கண் கூரையிலே போன பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்ததைத் திரை அறியுமா?

பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டிலே செய்த நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர்க்கு இலக்கணம் கூறுகிறது. கற்பிக்கும் முறை பற்றிப் பேசும்போது, கொள்பவன் எந்த அளவு கொள்வான் என்பதை அறிந்து, அதற்கேற்பக் கொடுக்க வேண்டும் என்று விதிக்கிறது. அக்காலத்தில் அந்தக் கல்வி யார் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு, கேட்போம். எனினும் அந்த விதி பொன்போன்றது. பாடம் என்பது ஒரு பொட்டலமன்று, அனுப்பியவுடன் சேர்ந்தது என்று ஒப்பமிட! கொடுப்பவர் கண்ணும் கொள்பவர் கண்ணும் சந்திக்கும் இடத்திலே பிறப்பது பாடம். கொள்பவரைக் காணாத கல்வி, பார்வையாளர் இல்லாத கொட்டகையில் நடந்த நாடகம். விளக்கு எரிந்தது, வசனம் ஒலித்தது, திரை விழுந்தது, அழுதவரும் இல்லை, சிரித்தவரும் இல்லை.

“தொலைவிலிருந்து கற்பித்து வென்ற நாடுகள் இல்லையா?” என்று கேட்பர். உண்டு. ஆத்திரேலியாவின் நடுப்பாலையில், ஆலிசு இசுபிரிங்சு நகரில், 1951-இல் வானொலிப் பள்ளி தொடங்கப்பட்டது. பக்கத்து வீடே பல கல் தொலைவில் இருக்கும் கால்நடைப் பண்ணைகளின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது அது. ஆனால் அந்த வெற்றியின் உள்ளே என்ன இருந்தது? வானொலி இருவழிப்பட்டது, பிள்ளை திருப்பிப் பேசலாம். எழுதுபாடம் அஞ்சலில் போய்த் திருத்தப்பெற்று வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பண்ணை வீட்டில் பிள்ளையின் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் தாயாக இருக்கலாம், சம்பளத்துக்கு அமர்த்திய பெண்ணாக இருக்கலாம். எழுத்தறிந்தவர், நேரம் உடையவர்.

நம் நாட்டிலும் ஒரு சோதனை நடந்தது. 1975 ஆகத்து முதல் 1976 சூலை வரை, செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. காலை நிகழ்ச்சி பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே அமைந்தது. அதைப் பிள்ளைகள் தனித்தனியே வீட்டு மூலையில் பார்க்கவில்லை. ஊரார்க்கு வைத்த பெட்டியின் முன்னே கூடி அமர்ந்து பார்த்தார்கள். தொலைவிலிருந்து வந்த பாடத்துக்கும் பக்கத்தில் துணை இருந்தது.

இங்கேதான் வழக்கின் உயிர்நிலை இருக்கிறது. சிறு குழந்தைக்குத் தொலைவழிப் பாடம் பயன்பட வேண்டுமானால் பக்கத்தில் எழுத்தறிந்த ஒருவர் வேண்டும். 2020-இல் அந்த ஒருவர் யார்? பள்ளி விலகிக்கொண்டது, ஆகவே வீடுதான். எந்த வீடு? பட்டம் பெற்ற தாய் பக்கத்தில் அமர்ந்து விரல் பிடித்த வீட்டில் குழந்தை கற்றது. நாற்று நடவும், நூறு நாள் வேலைக்கும், செங்கற் சூளைக்கும் தாய் போய்விட்ட வீட்டில் குழந்தை காத்திருந்தது, கன்றுக்குட்டியோடு விளையாடியது, உறங்கியது. அந்தத் தாய்க்கு அன்பில்லையா? அன்பு கடலளவு! எழுத்துத்தான் இல்லை, அவளுடைய அம்மாவுக்கும் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தானே தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறோம்!

எதற்காகப் பொதுப்பள்ளி கண்டோம்? தந்தை கற்றிராவிட்டாலும் மகன் கற்கலாம், தாய் கையெழுத்து அறியாவிட்டாலும் மகள் கதை எழுதலாம் என்பதற்காக. பிறந்த வீட்டுக்கும் பெறும் அறிவுக்கும் இடையே இருந்த சங்கிலியை அறுக்க எழுந்த உலைக்களம் அது. 1953-இல் சென்னை மாநிலத்தில் இராசகோபாலாச்சாரியார் அரசு, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மற்றப் பொழுதைப் பெற்றோர் தொழிலுக்கு விடும் திட்டத்தைக் கொண்டுவந்தது. ‘குலக்கல்வி’ என்று பெயரிட்டு நாடு அதை எதிர்த்தது. 1954-இல் காமராசர் அரசு அதனைக் கைவிட்டது. 2020-இல் அத்தகைய திட்டம் எவரும் தீட்டவில்லை. நோய் துரத்தியது, நாம் ஓடினோம். நேர்மையோடு அதைச் சொல்லிவிடுவோம். ஆயினும் ஓடிச் சேர்ந்த இடம் எது? கற்ற வீட்டுப் பிள்ளைக்குக் கல்வி, கல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் காத்திருப்பு! தீட்டியவர் இல்லாமலே பழைய கோடு மீண்டும் தரையில் விழுந்தது.

சான்று கேட்பவர்க்குச் சான்று தருவோம். 2021 ஆகத்தில், 15 மாநிலங்களிலும் ஆட்சிப்பகுதிகளிலும், வறிய குடும்பங்களின் பிள்ளைகள் ஏறத்தாழ 1,400 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பொருளியலறிஞர் ழான் திரேசு, ரீத்திகா கேரா முதலியோர் அதன் அறிக்கையை வெளியிட்டனர். சிற்றூர்ப் பிள்ளைகளில் இணையவழியே ஒழுங்காகப் படித்தவர் நூற்றுக்கு 8. அறவே படிக்காதவர் நூற்றுக்கு 37. ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சில சொற்களுக்கு மேல் படிக்க இயலவில்லை. இன்னொரு கணக்குத்தான் நம் வழக்குக்கு முதற்சான்று. திறன்பேசி இருந்த சிற்றூர் வீடுகளில்கூட, ஒழுங்காக இணையவழியில் படித்த பிள்ளைகள் நூற்றுக்கு 15 பேரே! கருவி வந்தது, கல்வி வரவில்லை.

அடுத்து ‘அசர்’ அறிக்கை. இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், நாடு முழுவதும் ஊரகப் பகுதிகளில், 2018-இல் நூற்றுக்கு 27.3, 2022-இல் 20.5. தமிழ்நாட்டிலோ 2018-இல் 10.2, 2022-இல் 4.8. கல்வியில் முன்னே நிற்கும் நாடு நம் நாடு என்று மார்தட்டுகிறோம். தட்டும் உரிமையும் உண்டு. அந்தக் கையால்தான் இந்த எண்ணையும் எழுதிச் சுவரிலே மாட்டிக்கொள்ள வேண்டும்.

இருட்டை மட்டும் காட்டிவிட்டுப் போக நாம் வரவில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து ஆய்ந்த கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ ஆகியோரின் ஆய்வு 2022-இல் வெளிவந்தது. 2021 டிசம்பரில் இழப்பு பெரிதாக இருந்தது. வீட்டிலே பேச்சாகவாவது புழங்கும் மொழியைவிட, கணக்கில் இழப்பு மிகுதி. ஆனால் பள்ளி திறந்த ஆறு திங்களுக்குள் இழந்ததில் மூன்றில் இரு பங்கை அப்பிள்ளைகள் மீட்டுவிட்டனர்! அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது என்கிறது அந்த ஆய்வு.

‘இல்லம் தேடிக் கல்வி’ என்பது என்ன? 2021 அக்டோபர் 27-இல் தொடங்கப்பட்ட திட்டம். திங்களுக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற தன்னார்வலர்கள், அவர்களுள் மிகப் பலர் பெண்கள், மாலையில் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தார்கள். அங்கே என்ன புதுமைக் கருவி இருந்தது? பாய் இருந்தது, பலகை இருந்தது, பக்கத்தில் ஓர் அக்கா இருந்தார். “அக்கா, நான் எழுதிட்டேன், பாருங்க!” என்று சிலேட்டை நீட்டினால், பார்க்க ஒரு கண் இருந்தது. பத்தொன்பது திங்கள் திரையால் இயலாததை அந்தக் கண் செய்தது. அந்தப் பணிக்கு மாதம் ஆயிரம்தானா விலை என்பது வேறு கேள்வி. கேட்க வேண்டிய கேள்வியுந்தான்.

இவ்வளவு கண்ட பின்னும் பாடம் கற்றோமா? 2024 நவம்பரில் தில்லியில் காற்று நஞ்சானது. முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிஞ்சுகள். அவர்களுக்கு இணையவழி வகுப்பு என்று அறிவித்தார்கள். பிஞ்சு நுரையீரலைக் காப்பது கடமை, மறுக்கவில்லை. ஆனால் திரையால் மிகக் குறைவாகப் பயன்பெறுவோரை முதலில் திரையிடம் ஒப்படைத்துவிட்டு, “வகுப்பு நடக்கிறது” என்று பதிவேட்டில் எழுதுவதை ஏற்க மாட்டோம். விடுமுறை என்றால் விடுமுறை என்று சொல்லட்டும்; இழந்த நாளை எப்போது ஈடு செய்வோம் என்றும் சேர்த்துச் சொல்லட்டும். இழப்பை இழப்பென்று ஒப்பினால்தான் ஈடு கேட்க முடியும்!

அடுத்த மாதமே மற்றொன்று வந்தது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு கல்வியுரிமைச் சட்ட விதிகளைத் திருத்தி, 5, 8-ஆம் வகுப்புகளில் தேறாதவரை மறுதேர்வுக்குப் பின் நிறுத்திவைக்க வழி செய்தது. தமிழ்நாடு அதை ஏற்க மறுத்தது, நன்று! ஆனால் நிறுத்திவைக்கும் அந்தக் கதவருகே அந்த ஆண்டு வந்து நின்றவர் யார்? 2020-இல் ஒன்றாம் வகுப்பை வீட்டு மூலையில் கழித்த அதே பிள்ளைகள்தாம். 2024-25-இல் அவர்கள் ஐந்தாம் வகுப்பினர். எழுத்தைத் தராமல் ஏணியில் ஏற்றியது யார்? ஐந்தாம் படியில் நின்று “நீ தேறவில்லை” என்று பிள்ளையைத் தள்ளுவது எந்த ஊர் நீதி?

அப்பிள்ளைகள் 2025-இல் ஆறாம் வகுப்பின் வாயிலை மிதித்தார்கள். நம் தெருவில்தான் இருக்கிறார்கள். பெயரை எழுதுவார்கள், பத்தி ஒன்றைப் படிக்கச் சொன்னால் சுவரைப் பார்ப்பார்கள். அறிவில்லாதவர்கள் அல்லர், ஐந்து வயதில் அவர்கள் கையை எவரும் பார்க்கவில்லை. அவ்வளவே!

தோழர்களே! கேட்க வேண்டியவை சில. செய்ய வேண்டியவை சில. இனி எந்த இடர் வந்தாலும், மூடும்போது சிறியோர் வகுப்பை இயன்றவரை கடைசியாக மூடுக, திறக்கும்போது முதலாகத் திறக்க என்று ஆள்வோரைக் கேட்போம். முதல் இரு வகுப்புகளில் ஒவ்வொரு கையையும் பார்க்கும் அளவுக்கு ஆசிரியர் வேண்டும் என்று கேட்போம். திரைப்பாடம் துணையாக வரட்டும், ஆசிரியர் இருக்கையில் அமர வேண்டாம் என்று கூறுவோம்.

கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா? ஊர்தோறும் படிப்பகம் கண்ட மரபு நம்முடையது. தாளிகையை உரக்கப் படித்து, எழுத்தறியாத உழவரையும் உலகச் செய்தி பேசவைத்த மரபு அது. அந்தப் படிப்பகத்தில் மாலையில் ஒரு மணி நேரம் பாய் விரியட்டும். ஐந்து பிள்ளைகள் போதும், ஒரு பலகை போதும். பேருரை வேண்டாம், கொடி வேண்டாம், புகைப்படம் வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், எழுதச் சொல்லுங்கள், எழுத்தைப் பார்க்குமுன் அந்தச் சின்னக் கையைப் பாருங்கள்.